சாவத்தியைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

புவனா அக்கா போய்விட்டார் என்ற செய்தியை எனக்கு ஒருவரும் வாயால் சொல்லவில்லை. காலை முறைக்கு ட்ராம் ஓட்டி முடித்து, டிப்போ ஓய்வறையில் கோப்பியோடு குந்தியிருந்தபோது வட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்து விழுந்தது. மேலே அவரது படம். யாரோ பகிடி விட்டதற்குச் சிரிக்காமல் இருக்கப் பாடுபடும் அந்த முகம். கீழே எங்கள் மரண அறிவித்தல்களுக்கே உரிய வாசகம்: "யாழ். சாவத்தியைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி கெல்சென்கிர்ச்சனை வதிவிடமாகவும் கொண்ட திருமதி புவனேஸ்வரி அவர்கள் காலமானார்."

கோப்பி ஆறும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. அழைத்தவர்களில் பாதிப்பேர் அனுதாபம் சொன்னார்கள். மற்றப் பாதி, "ஊர்ப்பேரிலை எழுத்துப்பிழை, உடனை திருத்தச் சொல்லுங்கோ" என்றார்கள். தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் பதவியை விட்டு எத்தனையோ வருடமாகிறது. ஆனாலும் எங்கே ஒரு பிழை என்றாலும் இன்னும் என் போன்தான் அடிக்கும்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்கா பிறந்தது சாவகச்சேரியில். சாவத்தி என்று யாழ்ப்பாணத்தில் ஒரு ஊரும் கிடையாது. அது வட இந்தியாவில், கோசல நாட்டின் தலைநகராக இருந்த பழைய நகரம். இன்று சிராவஸ்தி என்கிறார்கள். புத்தர் தன் வாழ்நாளில் அதிகமான மழைக்காலங்களைக் கழித்தது அங்கேதான் என்பதால் பௌத்தர்களுக்கு அது புனித பூமி. எங்கள் அக்கா ஒரு சைவக் குடும்பத்துப் பெண். அவருக்கும் அந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காகவும், அந்த "எழுத்துப்பிழை" பற்றி எனக்குப் போன் எடுத்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் கண்டது தமிழ்ப் பாடசாலையின் கூட்டம் ஒன்றில். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் எங்கள் முன்னோரின் தலைநகரத்து மாட மாளிகைகளை அடுக்கிக்கொண்டே போனார். கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"ஐயா, அவ்வளவு சனத்துக்கும் தண்ணி எங்காலை வந்தது?"

பேச்சாளர் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தார். கேட்ட புவனா அக்கா சிரிக்கவில்லை. "பகிடி இல்லை ஐயா, தெரியாமல்தான் கேக்கிறன். ஆறோ, குளமோ, கிணறோ?" என்றார். அன்றைய கூட்டம் அந்தக் கேள்வியோடு கலைந்தது. எந்த ஊரைப் பற்றிச் சொன்னாலும் அவரது முதல் கேள்வி அதுதான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. கெல்சென்கிர்ச்சனைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நிலக்கரி அகழ்ந்து அகழ்ந்து பூமி தாழ்ந்துபோன ஊர் இது, பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் நாங்கள் எல்லோரும் குளத்துக்குள்தான் இருப்போம் என்று எனக்குச் சொன்னவர் அவரே. இந்த ஊரில் அவ்வளவு காலம் ட்ராம் ஓட்டியிருந்தும் எனக்கு அது தெரியாது.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். இங்கே வந்து அந்தப் பட்டத்தை ஒருவரும் கணக்கெடுக்காதபோது அழுதுகொண்டிராமல் பல் தொழில்நுட்பத்தில் ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தார். பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு பல் ஆய்வுகூடத்தில் செயற்கைப் பல் செய்தார். "கண்டியிலை புத்தரின்ரை ஒரு பல்லை வைச்சு ராச்சியம் ஆண்டவை. நான் ஊர்ப்பட்ட பல்லுச் செய்தும் வீட்டு வாடகைதான் கட்டுறன்" என்பார். அந்தப் பகிடியை அவர் வாயால் கேட்கவேண்டும். எழுதினால் பாதிதான் வருகிறது.

என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன செயலாளர்" என்பார். பதவி போன பிறகும் அதே அழைப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஊருக்கு வெளியே உள்ள கரிமேட்டில் நடப்பதுண்டு. சுரங்கத்துக் கழிவுக் கல்லைக் கொட்டிக் கொட்டி உண்டான மலை அது. ஜெர்மன்காரர் ஹால்டே என்பார்கள். இன்று அதன்மேல் மரம் வளர்ந்து, ஆட்கள் நாயோடு உலாவுகிறார்கள். ஒருநாள் உச்சியில் நின்று மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"சாவத்தியும் இப்பிடித்தான் கிடந்தது, செயலாளர். மேடு. அதுக்கு மேலை காடு. மாடு மேய்ச்சவங்களுக்குக் கீழை புத்தர் இருந்த ஜேதவனம் கிடக்கிறது தெரியாது. இருந்த இடத்தையே சனம் மறந்து போச்சுது."

"அந்த ஊரிலை உங்களுக்கு என்னக்கா அப்பிடி ஒரு பிடிப்பு?" என்று கேட்டேன்.

"பேரைப் பாருங்கோ. வியாபாரிமார் வண்டில் கட்டிக்கொண்டு வந்து இஞ்சை என்ன சாமான் இருக்கு எண்டு கேட்பினமாம். 'சப்பம் அத்தி', எல்லாம் இருக்கு எண்டு ஊர்ச்சனம் சொல்லுமாம். அதாலைதான் சாவத்தி எண்டு பேர் வந்ததெண்டு பழைய உரைகாரர் எழுதிவைச்சிருக்கினம். மெய்யோ பொய்யோ தெரியாது. ஆனால் தமிழ்க் காதுக்கு அந்தப் பேருக்குள்ளை சாவும் கேக்குது. எல்லாம் இருக்கிற ஊரெண்டால் அதுவும் இருக்கத்தானே வேணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் தெரிந்துகொண்டதை எல்லாம் இப்படிப் போகிறபோக்கில் எனக்குத் தந்துகொண்டே இருந்தார். அந்த நடைகளுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டவன் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஒருமுறை, நெடுநாள் ஆசைப்படி, லக்னோ வரை பறந்து அங்கிருந்து பஸ் ஏறிச் சாவத்திக்குப் போனார். வந்து சொன்னதில் இடிபாடுகள் கொஞ்சம், ஜேதவனத்துக் கிணறுகள் நிறைய. அதோடு ஒரு சாப்பாட்டுக் கதை. தங்குமிடம் கிடைக்காமல் இலங்கைப் பிக்குகளின் மடம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அவரது தகப்பன் தெற்கில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர் என்பதால் அக்காவுக்குச் சிங்களம் நன்றாக வரும். வயதான பிக்கு ஒருவர் பேச்சைக் கேட்டுச் சந்தோசப்பட்டு, இலங்கையில் எந்த ஊர் என்று விசாரித்தாராம். "சாவகச்சேரி எண்டன். மனிசன் என்னை ஒருக்கா நிமிர்ந்து பாத்தார். பிறகு, வீடு இருக்கோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். எழும்பிப் போய்ச் சோத்தைக் கொண்டுவந்து தன்ரை கையாலை எனக்குப் போட்டார். யோசிச்சுப் பாருங்கோ செயலாளர், பிக்கு எண்டால் சனத்திட்டை வாங்கிச் சாப்பிடுறவர். அவர் ஆருக்கும் போடுற வழக்கம் இல்லை."

இந்தக் கதைதான் வினையானது. அவருக்கு ஒரேயொரு அண்ணன். கதிரண்ணை என்று நாங்கள் எல்லோரும் அழைக்கும் கதிர்காமநாதன். யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து, இங்கே சின்னதாக ஒரு அச்சுக்கடை வைத்திருப்பவர். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் அவர் கையால்தான் வரும். அவருடைய ஒரே மகன் முகுந்தன் சண்டைக்காலத்தில் சாவகச்சேரியில் ஆமி அடித்த ஷெல் விழுந்து இறந்தவன். பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த பிள்ளை.

தங்கை சாவத்திக் கதையைச் சொல்லி முடித்தபோது அண்ணன் ஒரேயொரு கேள்வி கேட்டாராம். "அவங்கடை மடத்திலை சாப்பிட்டனியோ?"

"ஓம் அண்ணை. சோறும் பருப்பும்."

அவர் எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவர்தான். அதன்பிறகு தங்கை வீட்டுப் படி மிதிக்கவில்லை. கோயிலில் கண்டால் மற்றப் பக்கம் திரும்புவார். அக்காவின் கணவரும் போன பிறகு, வேறு உறவில்லாத ஊரில், நடந்து போகும் தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். அக்காவுக்கு அது உள்ளுக்குள் அரித்தது. எனக்கு அது தெரியும், ஏனென்றால் அந்த ஒரு விசயத்தைப் பற்றி மட்டும் அவர் பகிடி விட்டதே இல்லை.

சாவத்தி என்றதும் பலருக்கு நினைவு வருவது, இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புத்தரிடம் வந்த தாயின் கதை. சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னாராம். அந்தக் கதையை நீங்கள் ஏன் சொல்வதில்லை என்று ஒருமுறை கேட்டேன். முகம் மாறிவிட்டது. "அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையைக் குடுத்த மனிசனுக்கு முன்னாலை நிண்டு அதைச் சொல்ல நான் ஆர்?" என்றார். அதன்பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆனால் சாவத்தியின் வரலாற்றை எங்கள் சனத்துக்கு ஒருநாள் சொல்லிவிடவேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் அவரை விடவில்லை. நான் செயலாளராக இருந்த காலத்தில் சங்க நிர்வாகக் குழுவில் அதை வைத்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இது புத்த சமயக் கூட்டமோ?" என்று ஒருவர். "ஒரு குருவியும் வராது" என்று இன்னொருவர். கடைசியில், மண்டபம் எப்படியும் சும்மாதானே கிடக்கிறது என்று சம்மதித்தார்கள். நான் விபரத்தை எழுதி நோட்டீசுக்காகக் கதிரண்ணையின் கடைக்கு அனுப்பினேன். வேறு அச்சுக்கடை எங்களுக்கு இல்லை. அவர் வாங்கி, சரி என்று ஒரு சொல்லில் பதில் போட்டார்.

அடுத்த நாள் தமிழ்க் கடைகளிலும் போன்களிலும் நோட்டீஸ் வந்துவிட்டது: "சாவகச்சேரியின் வரலாறு. உரை: திருமதி புவனேஸ்வரி."

நான் எழுதிக் கொடுத்தது சாவத்தி. உடனே கதிரண்ணைக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "பிழை வந்திட்டுது தம்பி. என்ன செய்ய? ஆருக்கும் வரும்தானே" என்றார், சாவதானமாக. திருத்தி அனுப்புவதற்குள் அது கொலோன் வரைக்கும் பரவிவிட்டது. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நோட்டீசை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து வாசித்தார். மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். "அண்ணையை ஏசாதேங்கோ, செயலாளர். விட்டிடுங்கோ" என்றார். தங்கைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று மண்டபத்தில் இருக்கக் கதிரை காணாமல் சனம் சுவரோரம் நின்றது. சாவகச்சேரியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள் டோர்ட்முண்டிலிருந்தும் கொலோனிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சிலர் பழைய சந்தைப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா மேடையேறி, நோட்டீசைத் தூக்கிக் காட்டி, உண்மையைச் சொன்னார். இது சாவகச்சேரி இல்லை, சாவத்தி. புத்தர் இருந்த ஊர்.

இரைச்சல் கிளம்பியது. "எங்களைப் பேய்க்காட்டினதோ?" என்று ஒருவர் எழுந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, குரலை உயர்த்தாமலே கேட்டார்: "பிள்ளை, அந்தப் புத்தரின்ரை பேரைச் சொல்லித்தானே எங்களை அடிச்சவை?"

அக்கா மைக்கைத் தள்ளிவைத்தார்.

"ஓம் அம்மா. அதாலைதான் சொல்லுறன். வீட்டைக் குடுத்தம். காணியைக் குடுத்தம். பிள்ளையளைக் குடுத்தம். இந்தப் புத்தரையும் அவையளின்ரை சொத்தெண்டு எழுதிக் குடுத்திட்டு வர எனக்கு ஏலாது. காஞ்சியிலையும் நாகபட்டினத்திலையும் தமிழன் விகாரை வைச்சிருந்தவன். நான் சைவம்தான், திருநீறு பூசாமல் வெளிக்கிடுறேல்லை. ஆனால் அந்தாள் நடந்த ஊரைப் பற்றிப் படிக்க நான் ஆரிட்டையும் அனுமதி கேட்டு அன்ட்ராக் போடமாட்டன். இரண்டு ஊருக்கும் முதல் இரண்டு எழுத்தும் ஒண்டுதானே. சாவத்தியிலை துவங்கிச் சாவகச்சேரிக்கு வருவம். பிடிக்காட்டில் எழும்பிப் போங்கோ, நான் குறை நினைக்கமாட்டன்."

பிறகு சொன்னார். தண்ணீரிலிருந்து தொடங்கினார். அசிரவதி ஆறு நகரத்தின் பக்கத்தால் ஓடியது, பிறகு விலகிப்போனது. சமணர்களுக்கும் அது புனிதமான ஊர். பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு சீன யாத்திரிகர் பாலைவனம் கடந்து, பனிமலை கடந்து வந்து பார்த்தால், பெருநகரத்தில் ஏதோ இருநூறு குடும்பம் மட்டும் மிச்சம். "அவர் ஜேதவனத்திலை நிண்டு மனம் நொந்தது மதிலைப் பாத்து இல்லை" என்றார் அக்கா. "கூட வெளிக்கிட்ட ஆக்கள் எல்லாரும் வந்து சேரேல்லை. சிலர் வழியிலை செத்துப் போச்சினம். அதை நினைச்சுத்தான்."

எழுந்து நின்றவர் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் அப்படி வந்தவர்கள்தானே. எனக்கு என்னோடு காட்டுவழியில் எல்லை கடக்க வெளிக்கிட்ட இரத்தினத்தின் நினைவு வந்தது. அவன் வந்து சேரவில்லை. அவனை நினைத்து நான் அழுதது அன்றைக்குத்தான், அதற்கு நான் அக்காவுக்கு நன்றி சொல்லவேண்டும்.

பிறகு நகரம் காடாகிப் போனதையும், அது எங்கே இருந்தது என்று படித்தவர்கள் ஆளையாள் பிடித்துச் சண்டை போட்டதையும் சொன்னார். "கடைசியிலை மண்ணுக்குள்ளையிருந்து ஒரு செப்பேடு வந்தது. அதிலை ஜேதவனம் எண்டு பேர் இருந்தது. வழக்கு முடிஞ்சுது. பாருங்கோ, மதில் காப்பாத்தேல்லை, அரசன் காப்பாத்தேல்லை. பேரைப் பிழையில்லாமல் எழுதிவைச்சவன்தான் ஊரைக் காப்பாத்தினவன். இப்ப நாங்கள் சாவகச்சேரிக்கு வருவம். சொல்லுங்கோ, உங்கடை ஒழுங்கையிலை ஆரின்ரை கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி?"

அதன்பிறகு அவருக்குப் பேச வேலையே இருக்கவில்லை. சனம் பேசியது. கிணறுகளின் பெயர், ஒழுங்கைகளின் பெயர், தரைமட்டமான வீடுகளின் பெயர். அந்த அம்மாவும் தன் கிணற்றைச் சொன்னார். மண்டபத்துப் பொறுப்பாளர் வந்து லைட்டை அணைத்து அணைத்துப் போடும்வரை ஒருவரும் எழும்பவில்லை. கதிரண்ணை மட்டும் வரவில்லை. அக்கா ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அந்தப் பக்கம் பார்த்ததை நான் கண்டேன்.

தீராத வருத்தம் வந்து, கடைசி நாட்களுக்கான ஹொஸ்பிட்ஸ் இல்லத்துக்கு அவரை மாற்றிய பிறகு, ஒரு பின்னேரம் போனபோது கட்டிலருகே கதிரண்ணை இருந்தார். ஓசைப்படாமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். எப்போது வந்தார், யார் முதலில் பேசினார்கள், ஒன்றும் நான் கேட்கவில்லை. எங்கள் சங்கத்து ஆண்டு மலரில் அக்கா எழுதிய சாவத்திக் கட்டுரையை அவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பேனை.

"இஞ்சை ஒற்று விட்டிருக்கிறாய்."

"அது அச்சுப்பிழை."

"அச்சடிச்சது நான். இது உன்ரை பிழை."

அக்கா என் பக்கம் திரும்பினார். குரல் மெலிந்திருந்தது, குறும்பு மெலியவில்லை. "பாத்தியளே செயலாளர்? இவருக்குப் பிழை பிடிக்கத்தான் தெரியும். பிழை விட இவருக்குத் தெரியாது. ஒருநாளும் விட்டதுமில்லை." கதிரண்ணை தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கினார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மந்த புத்திக்காரனுக்கு எல்லாம் பிந்தித்தான் விளங்கும்.

தகனத்துக்கு மயான மண்டபத்தில் எங்களுக்கு ஒதுக்கித் தந்த டெர்மின் நேரம் குறுகியது. தேவாரம் படித்து, பூப் போட்டு முடிவதற்குள் அடுத்த குடும்பம் வெளியே காத்து நின்றது. எல்லாம் முடிந்து கதிரண்ணை தனியே நின்றபோது பக்கத்தில் போனேன்.

"அண்ணை, நோட்டீசிலை சாவத்தி எண்டு விழுந்திருக்கு. சனம் எனக்குப் போன் எடுத்துக் கொல்லுது. திருத்தி விடுவமே?"

அவர் என்னைப் பார்க்காமல் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அதிலை பிழை இல்லைத் தம்பி."

பிறகு, "முந்தினதிலையும் பிழை இல்லை" என்றார்.

"கூட்டத்து நோட்டீசிலையோ?" என்றேன்.

"சாவத்தி எண்டு போட்டிருந்தால் ஆர் வந்திருப்பினம்? நீரும் உம்மடை மனிசியும். அவள் வெறுங்கதிரையளுக்குப் படிச்சதைச் சொல்லியிருப்பாள். எனக்கு அவளிலை கோவம்தான். ஆனால் வெறுங்கதிரையளுக்கு முன்னாலை அவள் நிக்கிறதை என்னாலை நினைக்க ஏலாமல் போச்சுது. நான் உள்ளை வரேல்லை. வெளியிலை காருக்குள்ளை இருந்தனான், சனம் எழும்பிப் போகுதோ எண்டு பாத்துக்கொண்டு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒருதரும் போகேல்லை."

"அக்காவுக்கு இது தெரியுமோ?"

"நோட்டீசைக் கண்ட உடனையே தெரிஞ்சிருக்கும். நான் பிழை விடுற ஆளில்லை எண்டு அவளுக்குத் தெரியும்தானே."

புவனா அக்காவை அறிந்தவர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதாவது வைத்திருப்பீர்கள். பலர் வாய்க்குள் அவர் செய்த பல்லே இருக்கிறது. எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் இனித் தண்ணீர் எங்காலை வந்தது என்று கேட்காமல் இருக்கமாட்டேன். சனம் நிறைந்த ஒரு மண்டபம் இருக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒற்றுக்குச் சண்டை பிடித்த ஒரு பின்னேரம் இருக்கிறது. இரண்டு நோட்டீசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஆகவே, ஊர்ப்பெயரைத் திருத்தச் சொல்லி இனி எனக்கு ஒருவரும் போன் எடுக்கவேண்டாம். அதில் பிழை இல்லை.